சேமிப்பகம் எங்கே திணறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

நாஸ் (ஃபைல்களாகப் பகிரும் பெட்டி), சான் (சர்வர்களுக்கு டிஸ்க்காகவே தரும் தனி நெட்வொர்க்), ஐஸ்கசி (டிஸ்க் கட்டளைகளைச் சாதாரண நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) என்று நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்து பயன்படுத்தும் சேமிப்பகங்கள் மெதுவாவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். "எவ்வளவு வேகம் வர வேண்டும்?" என்றுதான் பலர் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் தேடுவது வேறு: ஒரு கோரிக்கை கிளம்பிப் பதில் வரும்வரை எந்த இடத்தில் காத்துக்கிடக்கிறது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் எதை வாங்குவது, எதை மாற்றுவது என்பது தானே தெரிந்துவிடும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ நடத்துகிறோம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நான்கு போட்ட நாஸ், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை), கிகாபிட் ஸ்விட்ச், ஐந்து எடிட்டிங் சிஸ்டம். ஒருவர் வேலை பார்த்தால் நன்றாக ஓடுகிறது. மூன்று பேர் 4கே டைம்லைனைத் திறந்தால் பிளேபேக் திக்கித் திக்கி நிற்கிறது. அதிலும் ஒரு சிஸ்டத்தில் எப்போது காப்பி செய்தாலும் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டுவதில்லை. 10 கிகாபிட் ஸ்விட்ச் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், மதுரை

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சுலபமானதை முதலில் முடிப்போம்.

11 எம்பி என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 100 மெகாபிட் இணைப்பில் அதிகபட்சம் வரக்கூடியது நொடிக்கு 12.5 எம்பி, ஹெடர்கள் போக 11-ல் நிற்கும். அந்த சிஸ்டம் ஸ்விட்சோடு கிகாபிட்டில் பேசவில்லை, 100-க்கு இறங்கிவிட்டது. கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி சரியாக கிரிம்ப் ஆகாமல் இருந்தால் இணைப்பு அறுந்து போகாது. சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுக் கம்பிகளின் முனையும் கனெக்டரின் முன்சுவரைத் தொட்டிருக்க வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தாலும் அதுதான் காரணமாக இருக்கும். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸ் ஜன்னலைத் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும். நல்ல கேபிள் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் 100 என்றே காட்டினால் ஸ்விட்ச் போர்ட்டை மாற்றுங்கள். விலை குறைவென்று செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் வாங்கியிருந்தால் மொத்தத்தையும் மாற்றுவதே நல்லது. வளைத்த இடத்தில் அது சீக்கிரம் ஒடிந்துவிடும்.

இனி பெரிய பிரச்சினை. கிகாபிட் போர்ட் ஒன்றில் நடைமுறையில் வருவது நொடிக்கு 110 முதல் 117 எம்பி. அதை ஐந்து பேரும் பங்கு போட வேண்டும். கேமரா ஃபைல் 100 மெகாபிட் பிட்ரேட் என்றால் ஒரு ஸ்ட்ரீம் 12.5 எம்பி. மூன்று கேமரா மல்டிகேம் வைத்தால் ஒரு மேஜைக்கு 37.5 எம்பி. மூன்று மேஜைக்கு 112.5 எம்பி. போர்ட் நிரம்பிவிட்டது. ப்ரோரெஸ் 422 ஹெச்கியூவில், 25 ஃப்ரேம் 4கேயில் வேலை செய்கிறீர்கள் என்றால் ஒரே ஸ்ட்ரீமுக்கு 737 மெகாபிட், அதாவது 92 எம்பி வேண்டும். அப்போது இரண்டாவது ஆளுக்கே இடமில்லை.

ஆனாலும் ஸ்விட்சுக்குக் காசு கொடுக்கும் முன் டிஸ்க் பக்கமும் பார்த்துவிடுங்கள். ஒருவர் ஒரு ஃபைலைப் படிக்கும்போது டிஸ்க்கின் தலை ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே படிக்கும். மூன்று பேர் ஒன்பது ஃபைல்களை ஒரே நேரத்தில் கேட்டால் தலை இங்கும் அங்கும் ஓடத் தொடங்கும். படிக்கும் நேரத்தைவிட ஓடும் நேரம் அதிகமாகிவிடும். திக்குகிற அந்த நேரத்தில் நாஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் கிராஃபையும் டிஸ்க் லேட்டன்சியையும் (ஒரு கோரிக்கைக்குப் பதில் வர ஆகும் நேரம்) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நெட்வொர்க் கோடு 110 எம்பி அருகே மேஜைபோல் தட்டையாகி, டிஸ்க் லேட்டன்சி 15 மில்லி விநாடிக்குள் இருந்தால் போர்ட்தான் இடைஞ்சல். 10 கிகாபிட் உதவும். நெட்வொர்க் 40 எம்பியில் தள்ளாடி, டிஸ்க் லேட்டன்சி 50-க்கு மேல் போனால் ஸ்விட்ச் வாங்கி ஒரு பயனும் இல்லை.

இரண்டு பக்கமும் நெருக்கடி என்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. எடிட்டிங் மென்பொருளின் மீடியா கேஷ் (தற்காலிக ஃபைல்கள்) ஃபோல்டரை நாஸிலிருந்து எடுத்து ஒவ்வொரு சிஸ்டத்தின் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் எழுதுவது அதுதான். ரெய்டு 5-ஐ வாட்டியெடுப்பதும் அதுவே. அடுத்து ப்ராக்ஸி ஃபைலில் (மூலத்தின் எடை குறைந்த நகல்) எடிட் செய்து, கடைசி ரெண்டரில் மட்டும் மூல ஃபைலைத் தொடுங்கள். நாஸில் இரண்டு போர்ட் இருக்கிறதே என்று இணைத்துவிட்டால் ஒரு சிஸ்டத்துக்கு 220 எம்பி வந்துவிடாது. போர்ட்டுகளை இணைக்கும் எல்ஏசிபி முறையில் ஒரு இணைப்பு ஒரு வழியாகத்தான் போகும். பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது மட்டும் சுமை பிரியும்.

கேள்வி: ஐஓபிஎஸ், த்ரூபுட், லேட்டன்சி மூன்றில் எதைத்தான் முதலில் பார்ப்பது? – வாசகர், கோயம்புத்தூர்

லேட்டன்சி. மற்ற இரண்டும், அதாவது நொடிக்கு முடியும் கோரிக்கைகளான ஐஓபிஎஸ்ஸும் நொடிக்கு நகரும் தரவின் அளவான த்ரூபுட்டும், எவ்வளவு வேலை நடந்தது என்று சொல்லும். ஆட்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை லேட்டன்சிதான் சொல்லும்.

ஐஓபிஎஸ்ஸையும் லேட்டன்சியையும் கட்டிப்போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. 1961-இல் ஜான் லிட்டில் நிறுவியது. ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள் = நொடிக்கு முடியும் கோரிக்கைகள் × ஒன்றுக்கு ஆகும் நேரம். ரேஷன் கடை வரிசைக்கும் இதே கணக்குதான். நிலுவையில் 32 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 8 மில்லி விநாடி என்றால் நொடிக்கு 4,000 ஐஓபிஎஸ். நிலுவை மாறாமல் நேரம் 16 ஆனால் 2,000-தான் வரும். "ஐஓபிஎஸ் பாதியாகிவிட்டது" என்று புகார் வந்தால், கேட்பவர்கள் குறைந்தார்களா, கொடுப்பவர் மெதுவானாரா என்பதை இந்தக் கணக்கால் பிரித்துவிடலாம்.

சுழலும் டிஸ்க்கின் எல்லையையும் தெரிந்து வையுங்கள். 7200 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17. தலை நகர இன்னொரு 8 அல்லது 9. ஆக ஒரு ரேண்டம் (டிஸ்க்கில் சிதறிய இடத்தைக் கேட்கும்) கோரிக்கைக்கு 12-13 மில்லி விநாடி. நொடிக்கு 75 முதல் 80. கோரிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தால் இதற்கு மேல் எந்தக் கம்பெனி டிஸ்க்கும் இயற்பியலை மீறித் தராது. எழுதும்போது ரெய்டின் வரி வேறு: ரெய்டு 10-இல் ஒரு முறை எழுதுவதற்கு 2 டிஸ்க் வேலை, ரெய்டு 5-இல் 4, ரெய்டு 6-இல் 6. எட்டு டிஸ்க் சேர்ந்து 600 என்றால், ரேண்டம் எழுத்து மட்டுமே இருக்கும் வேலையில் ரெய்டு 10 கொடுப்பது 300, ரெய்டு 5 கொடுப்பது 150, ரெய்டு 6 கொடுப்பது 100. ரெய்டை நடத்தும் கண்ட்ரோலர் கார்டின் கேஷ் (தற்காலிக நினைவகம்) கொஞ்ச நேரம் இதை மறைக்கும். கேஷ் நிரம்பியதும் இந்த எண்கள் வெளியே வந்துவிடும்.

கேள்வி: எங்கள் சேமிப்பகத்தில் வாசிப்பு முன்போலவே இருக்கிறது. எழுதுவது மட்டும் ஒரே நாளில் படுத்துவிட்டது. டிஸ்க் எல்லாம் பச்சை விளக்கு. எந்த மாற்றமும் செய்யவில்லை. – வாசகர், திருச்சி

ரெய்டு கண்ட்ரோலரின் கேஷ் பேட்டரியைப் பாருங்கள். கண்ட்ரோலர் சாதாரணமாக ரைட்-பேக் முறையில் ஓடும். தரவைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு "எழுதியாயிற்று" என்று உடனே சொல்லிவிடும்; டிஸ்க்குக்கு நிதானமாக இறக்கும். மின்சாரம் போனால் அந்த நினைவகத்தைக் காப்பது பேட்டரி, அல்லது புதிய கார்டுகளில் சூப்பர் கெபாசிட்டர். அது சோர்ந்துவிட்டதென்று தெரிந்தால் கண்ட்ரோலர் தானாகவே ரைட்-த்ரூவுக்கு மாறும். அதற்குப் பிறகு டிஸ்க்கில் உண்மையிலேயே எழுதி முடித்த பின்தான் பதில் சொல்லும். ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்த எழுத்து பத்து, இருபது என்று ஏறும். வாசிப்பு அசையாது. டிஸ்க் விளக்கும் பச்சையாகவே இருக்கும்.

கண்ட்ரோலரின் நிர்வாகக் கட்டளையில் பேட்டரி நிலையையும், ஒவ்வொரு வால்யூமின் இப்போதைய ரைட் பாலிசியையும் கேளுங்கள். அமைத்த பாலிசி, நடப்பில் இருக்கும் பாலிசி என இரண்டு காட்டினால் நடப்பை நம்புங்கள். சில பேட்டரிகள் குறிப்பிட்ட இடைவெளியில் தன்னைத்தானே முழுதாக இறக்கி ஏற்றிப் பார்க்கும். அந்தச் சில மணி நேரம் மட்டும் மெதுவாகிச் சரியாகிவிட்டால் பயமில்லை. அதன் நேரத்தை அலுவலக நேரத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயமாக இயக்கும் ஆப்ஷனும் அங்கே இருக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். அடுத்த மின்தடையில் தரவுத்தளம் சிதையும்; பேக்கப்பில் இருந்து மீட்கும் நேரத்துக்கு முன்னால் இப்போதைய மந்தம் ஒன்றுமே இல்லை.

கேள்வி: மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னிரவில் லினக்ஸ் நாஸ் தவழ்கிறது. லேப் ரிப்போர்ட் மென்பொருள் அப்போதும் ஓட வேண்டும். – வாசகர், சேலம்

அது மாதத்தின் முதல் ஞாயிறா என்று பாருங்கள். டெபியன் வழி வந்த அமைப்புகளில் லினக்ஸே நடத்தும் எம்டி மென்பொருள் ரெய்டின் மாதாந்திரச் சரிபார்ப்பு, முதல் ஞாயிறு இரவு 12:57-க்குத் தொடங்குமாறு வைக்கப்பட்டிருந்தது. எம்டிஸ்டாட் கோப்பைப் படித்தால் சரிபார்ப்பு எத்தனை சதவீதம் ஆனது என்று தெரியும். அதன் வேக உச்சவரம்பு இயல்பாக நொடிக்கு 2,00,000 கேபி. அதை 30,000 அளவுக்குக் குறைத்தால் சரிபார்ப்பு நீளும், மற்ற வேலை ஓடும். சரிபார்ப்பையே நிறுத்திவிடாதீர்கள். யாரும் படிக்காத மூலையில் கெட்டுப்போன செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு), இன்னொரு டிஸ்க் செத்து ரீபில்டு (புது டிஸ்க்கில் தரவை மறுபடி கட்டுவது) நடக்கும்போதுதான் வெளியே வரும். அப்போது கைகொடுக்க டிஸ்க் இருக்காது.

கேள்வி: மெய்நிகர் சர்வர் குழு "டேட்டாஸ்டோர் லேட்டன்சி 30 மில்லி விநாடி" என்கிறது. ஸ்டோரேஜ் குழு "எங்கள் பெட்டியில் 1 மில்லி விநாடிதான்" என்கிறது. இரண்டு வாரமாக மின்னஞ்சல் சண்டை. யார் சொல்வது சரி? – வாசகர், சென்னை

இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஸ்டோரேஜ் பெட்டியின் கடிகாரம் கோரிக்கை தன் போர்ட்டுக்குள் நுழைந்த பிறகு ஓடத் தொடங்கி, பதிலை வெளியே தள்ளியதும் நின்றுவிடும். ஹோஸ்டின் (மெய்நிகர் சர்வர்கள் ஓடும் கணினியின்) கடிகாரம் அதற்கு முன்பே தொடங்கி அதற்குப் பின்தான் நிற்கும். அந்த 29 மில்லி விநாடி இருவருக்கும் நடுவில் இருக்கிறது. அது யாருடைய திரையிலும் வராததால்தான் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

விஎம்வேர் என்றால் ஹோஸ்டில் ஈஎஸ்எக்ஸ்டாப் கட்டளையை ஓட்டி டிஸ்க் திரைக்குப் போங்கள். மூன்று எண்கள் முக்கியம். டிஏவிஜி: கோரிக்கை ஹோஸ்டை விட்டுக் கிளம்பித் திரும்பும் நேரம். கேஏவிஜி: ஹோஸ்டின் கெர்னலுக்குள் காத்த நேரம். ஜிஏவிஜி: இரண்டின் கூட்டல், உள்ளே இருக்கும் சர்வர் உணர்வது இது. கேஏவிஜி தொடர்ந்து 2-க்கு மேல் இருந்தால் ஹோஸ்டிலேயே வரிசை நிற்கிறது. பக்கத்து நெடுவரிசையில், காத்து நிற்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாமல் இருப்பதும் அதையே உறுதிசெய்யும். ஒரே லன்னில் (ஸ்டோரேஜ் பிரித்துத் தரும் டிஸ்க் பகுதி) நிறைய மெய்நிகர் சர்வர்களைக் குவித்திருப்பீர்கள். பிரித்து வையுங்கள். டிஏவிஜியே 30 என்றால், கார்டு, கேபிள், ஸ்விட்ச் என்று பாதையைத்தான் தேட வேண்டும்.

உங்களுடையது ஐஸ்கசி என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே முதல் சந்தேகம் பாக்கெட் தொலைவது. டேட்டா சென்டருக்குள் ஒரு பாக்கெட் போய் வர 0.2 மில்லி விநாடி போதும். ஒன்று தொலைந்து, மறுபடி அனுப்ப டைமர் தீரும்வரை காத்தால், லினக்ஸில் அந்த டைமரின் குறைந்தபட்சமே 200 மில்லி விநாடி. ஆயிரம் மடங்கு. லேட்டன்சி வரைபடத்தில் 200-ஐ ஒட்டி ஊசிகள் தனியாக நின்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கைப் பிடியுங்கள். இரு முனைகளிலும் டிசிபி மறு அனுப்பல் எண்ணிக்கையை ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழியுங்கள். அதே நிமிடத்தில் ஸ்விட்ச் போர்ட்டுகளின் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த ஃபிரேம்), வெளியேறும் பக்கத்து டிராப் (இடமில்லாமல் கைவிட்ட பாக்கெட்) எண்ணிக்கை இரண்டையும் எடுங்கள். சிஆர்சி ஏறினால் கேபிளோ ஒளி மாட்யூலோ கெட்டிருக்கிறது. டிராப் ஏறினால் ஸ்விட்சின் பஃபர் வழிகிறது: 25 கிகாபிட்டில் கொட்டும் ஸ்டோரேஜ், 10 கிகாபிட்டில் வாங்கும் ஹோஸ்ட் என்ற இடங்களில் இது சாதாரணம்.

இரண்டாவது சந்தேகம் ஜம்போ ஃபிரேம், அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட். ஹோஸ்டில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000, ஸ்டோரேஜில் 9000, நடுவில் ஒரு ஸ்விட்சில் மட்டும் 1500 என்று விட்டுப்போயிருந்தால் வேடிக்கையாக நடந்துகொள்ளும். லாகின் ஆகும், லன் தெரியும், சின்ன வாசிப்பு வரும். பெரிய எழுத்து வந்ததும் தொங்கும். சாதாரண பிங் இதைக் காட்டாது. துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் அளவில் பிங் செய்யுங்கள். 9000-இல் ஐபி ஹெடர் 20, ஐசிஎம்பி ஹெடர் 8 போக மிச்சம் அது. ஒவ்வொரு பாதையிலும், இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். மல்டிபாத்தில் நான்கு பாதை இருந்து ஒன்று மட்டும் பழுதானால் நான்கில் ஒரு பங்கு கோரிக்கை மட்டும் தாமதமாகும்; சராசரியில் அது கரைந்துவிடும்.

மூன்றாவதாக, ஹோஸ்டின் ஜிஏவிஜி 3 ஆக இருக்க, மெய்நிகர் சர்வருக்குள் 30 என்று காட்டினால் இரண்டு குழுவையும் விட்டுவிடலாம். அந்த இயங்குதளத்தின் உள்வரிசையோ, சிபியு கிடைக்காமல் அது காத்திருப்பதோதான் காரணம்.

கேள்வி: கண்காணிப்பு மென்பொருளில் எல்லாம் பச்சை. ஆனால் கவுண்டரில் இருப்பவர்கள் "அடிக்கடி பத்து நொடி உறைகிறது" என்கிறார்கள். யாரை நம்புவது? – வாசகர், திருநெல்வேலி

கவுண்டரில் இருப்பவர்களை. உங்கள் மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 290 நொடி லேட்டன்சி 1 மில்லி விநாடி, 10 நொடி 100 மில்லி விநாடி. நேரச் சராசரி 4.3 வரும். எச்சரிக்கை வரம்பு 20 என்றால் விளக்கு பச்சைதான். இதையே கோரிக்கைகளின் எண்ணிக்கையால் சராசரி எடுத்தால் இன்னும் மோசம். உறைந்த பத்து நொடியில் முடிந்த கோரிக்கைகள் மிகக் குறைவு, அவற்றின் எடை காணாமலே போய்விடும்.

இடைவெளியை 10 நொடிக்குக் கொண்டுவாருங்கள். சராசரியோடு 99-ஆவது சதமானத்தையும் (100 கோரிக்கைகளில் 99 இதற்குள் முடிந்தன என்ற எல்லை), அந்த இடைவெளியின் உச்சத்தையும் வரையுங்கள். ஐந்து சர்வரின் 99-ஆவது சதமானங்களைக் கூட்டி ஐந்தால் வகுக்காதீர்கள். அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. ஹிஸ்டோகிராமாக (எந்த நேர அளவில் எத்தனை கோரிக்கை என்ற கணக்காக) சேர்த்துவிட்டுப் பிறகு சதமானம் எடுக்க வேண்டும். புரொமீதியஸ், கிராஃபனா போன்ற இலவசக் கருவிகளிலேயே இது முடியும். லினக்ஸில் செயல்பாட்டைப் பதிவு செய்யும் சிஸ்ஸ்டாட் நிறுவியிருந்தால் அது இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் பதிவு செய்யும். 1 நிமிடமாக்குங்கள், ஒரு மாதத்துக்கான பதிவும் டிஸ்க்கில் பெரிய இடம் பிடிக்காது.

ஸ்விட்சின் போக்குவரத்தை எஸ்என்எம்பி (சாதனங்களின் எண்களைத் தொலைவிலிருந்து கேட்கும் முறை) வழியாக எடுக்கும் இடத்தில் இன்னொரு பொறி. பழைய 32 பிட் கவுண்டரில் கேட்டால், முழு வேகத்தில் ஓடும் கிகாபிட் போர்ட்டில் அது 34 நொடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 10 கிகாபிட்டில் 3.4 நொடியில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் எத்தனை முறை சுற்றியது என்றே தெரியாது, வரைபடம் பொய் சொல்லும். 64 பிட் கவுண்டரைத் தேர்ந்தெடுங்கள்.

நன்றாக ஓடும் ஒரு வாரத்தின் பதிவைத் தனியாக எடுத்து வைப்பதும் அவசியம். அதில் திங்கள் காலை, மாதக் கடைசி, பேக்கப் ஓடும் இரவு மூன்றும் இருக்க வேண்டும்.

கேள்வி: ரெய்டில் ஒரு டிஸ்க் சாகவும் இல்லை, எச்சரிக்கையும் வரவில்லை. ஆனால் அதைத்தான் சந்தேகிக்கிறேன். எப்படி நிரூபிப்பது? – வாசகர், யாழ்ப்பாணம்

நல்ல சந்தேகம். ரெய்டு 5, 6-இல் ஒரு பட்டையை (எல்லா டிஸ்க்கிலும் பரவிய ஒரு வரிசைத் தரவை) முழுதாக எழுதி முடிக்க எல்லா டிஸ்க்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் குழுவின் வேகம், அதில் மிக மெதுவான டிஸ்க்கின் வேகம்தான்.

ஐஓஸ்டாட் கட்டளையை விரிவான வடிவில், 5 நொடி இடைவெளியில் ஓட்டுங்கள். முதலில் வரும் தொகுப்பை ஒதுக்கிவிடுங்கள். அது கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை உள்ள சராசரி. இரண்டாவதிலிருந்து, வாசிப்புக் காத்திருப்பு, எழுத்துக் காத்திருப்பு என்ற இரண்டு நெடுவரிசைகளை மட்டும் டிஸ்க் வாரியாக ஒப்பிடுங்கள். மூன்று டிஸ்க் 9, 10, 9 என்று காட்ட, ஒன்று மட்டும் 140 என்றால் சாட்சி கிடைத்துவிட்டது. ஒரே ரெய்டில் இருப்பவை ஒரே அளவு வேலை செய்பவை; அவற்றுக்குள் இவ்வளவு வேறுபாடு வரக் காரணமே இல்லை. கடைசி நெடுவரிசையில் உள்ள பயன்பாட்டுச் சதவீதத்தை ஒற்றை சுழலும் டிஸ்க்குக்கு மட்டும் நம்பலாம். எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கையாளும். 100 என்று காட்டும்போதும் அதற்கு இன்னும் தெம்பு இருக்கக்கூடும்.

அடுத்து அந்த டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவு, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்து வைப்பது. எண் 5, மாற்றி வைக்கப்பட்ட செக்டர்கள். 197, இன்னும் தீர்மானமாகாத சந்தேக செக்டர்கள். இவை வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். அது கேபிளிலோ, டிஸ்க் செருகும் தட்டின் பின்புற இணைப்பிலோ வரும் பிழை. எடுத்துச் செருகிப் பாருங்கள். பழைய எண் அழியாது, மேலே ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

டெஸ்க்டாப் டிஸ்க்கை நாஸில் போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். கெட்ட செக்டரைப் படிக்க அது ஒரு நிமிடம், அதற்கு மேலும்கூட விடாப்பிடியாக முயலும். நாஸுக்கென வரும் டிஸ்க் பொதுவாக 7 நொடியில் கைவிட்டு "முடியவில்லை" என்று சொல்லிவிடும். மிச்சத்தை ரெய்டு பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் பொறுப்பது 30 நொடி, அதற்குள் பதில் இல்லையென்றால் இணைப்பையே ரீசெட் செய்யும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் பிழை மீட்பு நேர ஆப்ஷனில் இந்த எல்லையைப் பார்க்கலாம். அதில் 70 என்றால் 7 நொடி என்று பொருள்.

எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கா என்பதையும் மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். கூரை ஓடுபோலத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இந்த வகையில் ஓர் இடத்தைத் திருத்த, பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். சாதாரண நாளில் தெரியாது. ரீபில்டின்போது சில மணி நேர வேலை பல நாளாகும். 2020-இல் நாஸுக்கென்றே விற்கப்பட்ட சில மாடல்களிலும் இது இருப்பது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) மேல் தரவுத்தளம் வைத்திருக்கிறோம். மெதுவாகும்போது ஐஓஸ்டாட் ஒன்றுமே காட்டவில்லை. – வாசகர், பெங்களூரு

காட்டாது. அது பிளாக் டிஸ்க்குகளைத்தான் எண்ணும்; என்எஃப்எஸ் மவுண்ட் அதன் கணக்கில் வராது. என்எஃப்எஸ்ஐஓஸ்டாட்டை ஓட்டுங்கள். அதில் ஆர்டிடி என்பது கோரிக்கை சர்வருக்குப் போய் வந்த நேரம். எக்ஸி என்பது கிளையண்டில் வரிசையில் நின்றதையும் சேர்த்த மொத்தம். ஆர்டிடி 2, எக்ஸி 40 என்றால் நெருக்கடி கிளையண்டில். லினக்ஸ் 5.3 முதல் உள்ள என்கனெக்ட் ஆப்ஷனால் ஒரே மவுண்டுக்குப் பல டிசிபி இணைப்புகள் தரலாம்; 4-இல் தொடங்கிப் பாருங்கள். ஆர்டிடியே 40 என்றால் சர்வருக்குப் போங்கள். அங்கே டிஸ்க்கும் ஓய்வாக, நெட்வொர்க்கும் ஓய்வாக இருந்து, என்எஃப்எஸ்ஸின் 2049 போர்ட்டின் பெறும் வரிசையில் மட்டும் பைட்டுகள் தேங்கி நின்றால் என்எஃப்எஸ் த்ரெட்டுகள் (கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள்) போதவில்லை. பல பதிப்புகளில் இயல்பு 8-தான். 32 அல்லது 64 ஆக்குங்கள்.

தரவுத்தளம் கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது) ஒவ்வொன்றுக்கும் "டிஸ்க்கில் இறங்கிவிட்டதா" என்று கேட்டு நிற்கும். அதற்கு 8 மில்லி விநாடி ஆனால் ஒரு செஷன் நொடிக்கு 125 கமிட்டுக்கு மேல் போக முடியாது, எத்தனை சிபியு போட்டாலும். இதற்கு மருந்தாக எக்ஸ்போர்ட்டை (பகிரும் ஃபோல்டரை) அசிங்க் (டிஸ்க்கில் எழுதும் முன்பே பதில் சொல்லும் முறை) ஆக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உலவுகின்றன. சர்வர் திடீரென நின்றால், எழுதியாயிற்று என்று தரவுத்தளம் நம்பியது எங்கும் இருக்காது. பேட்டரி உள்ள கேஷோ, மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டியோ போடுவதுதான் நேர்வழி.

கேள்வி: டிடி கட்டளையில் 900 எம்பி வருகிறது. நிஜ வேலையில் 30 கூட வரவில்லை. – வாசகர், ஈரோடு

நகலெடுக்கும் கட்டளையான டிடி எழுதியது வெறும் பூஜ்யங்கள். சுருக்கும் வசதியுள்ள சேமிப்பகம் அவற்றை எழுதவே எழுதாது. மீதியை நினைவகம் வாங்கிக்கொண்டிருக்கும். எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துங்கள்: டைரக்ட் ஆப்ஷன் 1 (நினைவகக் கேஷைத் தவிர்க்க), பிளாக் 8 கேபி, 70 சதவீதம் வாசிப்பு, ரேண்டம், சோதனை ஃபைல் ராமைப் போல் இரு மடங்கு, குறைந்தது 10 நிமிடம். சாதாரண எஸ்எஸ்டியின் வேகக் கேஷ் தீர்ந்தபின் வரும் எண் அப்போதுதான் தெரியும். இலக்காக ஃபைலின் பெயரைக் கொடுங்கள். டிஸ்க்கின் பெயரையே கொடுத்து எழுதச் சொன்னால் அதில் உள்ள தரவு போய்விடும்.

கேள்வி: ஃபைபர் சேனல் சானில் ஒரு பழைய சர்வர் திணறினால் சம்பந்தமில்லாத மற்ற சர்வர்களும் மெதுவாகின்றன. ஏன்? – வாசகர், சிங்கப்பூர்

சேமிப்பகத்துக்கென்றே உள்ள ஃபைபர் சேனல் நெட்வொர்க் பாக்கெட்டைத் தூக்கி எறியாது, காத்திருக்கும். எதிர்முனை "இத்தனை ஃபிரேம் வாங்க இடமிருக்கிறது" என்று கிரெடிட் கொடுத்தால்தான் அனுப்பும். உங்கள் பழைய சர்வரில் 8 கிகாபிட் கார்டு, ஸ்டோரேஜில் 32 கிகாபிட் போர்ட் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் கேட்கும் பெரிய வாசிப்புகளுக்கு ஸ்டோரேஜ் 32-இன் வேகத்தில் பதிலைக் கொட்டுகிறது. சர்வர் 8-இல் உறிஞ்சுகிறது. கிரெடிட் தீர்ந்து ஃபிரேம்கள் ஸ்விட்சுகளுக்கு நடுவில் உள்ள பொது இணைப்பில் தேங்கி நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வந்த மற்றவர்களின் ஃபிரேம்களும் சேர்ந்து நிற்கின்றன.

எந்தப் போர்ட்டில் கிரெடிட் பூஜ்யமாக இருந்த நேரம் வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். பிரோக்கேட் ஸ்விட்சில் அந்தக் கவுண்டர் 2.5 மைக்ரோ விநாடிக்கு ஒன்று கூடும். பழைய எண்ணை அழித்துவிட்டு, நெருக்கடி நேரத்தில் ஒரு நிமிடம் மட்டும் எண்ணுங்கள். நடு இணைப்பில் ஏறியிருந்தால் அதன் மறுமுனை ஸ்விட்சுக்குப் போய், அங்கே எந்தச் சர்வர் போர்ட் என்று பின்தொடருங்கள். கார்டை மாற்றுவது நிரந்தரத் தீர்வு. அதுவரை அந்த சர்வருக்கு ஸ்டோரேஜில் வேக வரம்பு வையுங்கள், அல்லது அதை ஸ்டோரேஜ் இருக்கும் அதே ஸ்விட்சுக்கு மாற்றுங்கள். நடு இணைப்பாவது விடுபடும்.

கேள்வி: தயாரிப்பாளரின் சப்போர்ட்டை அழைத்தால் பதிவு கேட்டே நாள் கழிகிறது. என்ன தயாராக வைக்க வேண்டும்? – வாசகர், ஓசூர்

முதலில் நேரம். சர்வர், ஸ்விட்ச், சேமிப்பகம் மூன்றின் கடிகாரமும் ஒரே என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரைப் பார்க்கட்டும். இரண்டு நிமிடம் வித்தியாசம் இருந்தாலும் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்த முடியாது. "காலையிலிருந்து மெதுவாக இருக்கிறது" என்று எழுதாமல், "10:42 முதல் 10:51 வரை இந்த வால்யூமில் எழுத்து லேட்டன்சி 2-இலிருந்து 45 மில்லி விநாடி, இதே நேரம் நேற்று 2" என்று எழுதுங்கள். கடைசி ஒரு மாதத்தில் நடந்த ஃபர்ம்வேர் மாற்றம், புதிய பேக்கப் வேலை, சேர்த்த சர்வர், ஸ்னாப்ஷாட் அட்டவணை எல்லாவற்றையும் தேதியோடு சேருங்கள். சப்போர்ட் பதிவுத் தொகுப்பைக் கோளாறு நடந்துகொண்டிருக்கும்போதே எடுங்கள். ரீபூட் செய்ய வேண்டிய நிலை வந்தாலும் தொகுப்பு முழுதாக இறங்கிய பிறகு செய்யுங்கள்; போர்ட் கவுண்டர்களும் நினைவகத்தில் உள்ள நிகழ்வுப் பதிவும் பல பெட்டிகளில் ரீபூட்டோடு அழிந்துவிடும்.